அச்சு எடுக்கும் முன் எஃப்5 அழுத்தவும்

சென்ற மாதம் ஒரு காலை நாஷ்டாவுக்கு உட்காரும்போது தொழிற்சாலையிலிருந்து விக்னேஷ் போனில் பேசினான். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன். புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்களாம்.

"சார், பழைய சைட்ல ஒவ்வொரு சர்டிபிகேட் பக்கத்துலயும் மேல செவப்புல ஒரு வரி கீது. 'அச்சு எடுக்கும் முன் எஃப்5 அழுத்தவும்'னு. அது எதுக்கு சார்? இப்ப எல்லாரும் போன்ல பாக்கறாங்க. போன்ல எஃப்5க்கு எங்க சார் போறது? தூக்கிடலாமா?"

கேள்வி நியாயமானது. எஃப்5 என்ற விசை கம்ப்யூட்டர் கீபோர்டில்தான் உண்டு. சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் இட்லி ஆறிவிடும் என்பது ஒரு காரணம். எழுதித் தந்துவிட்டால் அவனுக்குப் பின்னால் வருகிறவனுக்கும் உதவும் என்பது இன்னொரு காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கம்ப்யூட்டருக்கு அல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பாரம் தூக்கும் கொக்கிகளும் ஷேக்கிள்களும் செய்யும் தொழிற்சாலையில் விரிசல் பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஷேக்கிள் என்பது குதிரை லாடம் மாதிரி வளைந்த தடித்த இரும்பு. வாய்ப்பக்கம் குறுக்கே ஒரு பின் போகும். சங்கிலியையும் பாரத்தையும் அதுதான் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்குக் காந்தமூட்டி, ஒளிரும் தூள் கலந்த எண்ணெயை மேலே ஊற்றி, இருட்டறைக்குள் பிளாக் லைட் என்னும் புற ஊதா விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பச்சையாக ஒரு கோடு மின்னும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த எண்ணெய்தான் என்னை வெளியே தள்ளியது. இரண்டு கையிலும் தோல் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. இனி எண்ணெயில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, என்னைக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்தார்கள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நெல் வயல் இருந்தது. இது சரிப்படவில்லை என்றால் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி ரமாதேவி மேடம். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் படித்தவர். என்னை 'அண்ணா' என்பார், நான் அவரை 'மேடம்' என்பேன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

அவர் ஒரு நாளும் என் மவுசைத் தொட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். வெற்று நோட்பேடைத் திறந்து வைத்து, இணையப் பக்கத்துக்கான குறிமொழியை முதல் எழுத்திலிருந்து நானே அடிக்க வேண்டும். வேறு பக்கத்திலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுத்து ஒட்டக் கூடாது. அடித்து முடித்ததும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். ஹெட் திற, டைட்டில் திற, டைட்டில் மூடு, ஹெட் மூடு, டேபிள் திற என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வருவேன். நடுவில் திறந்த குறி ஒன்றை, அதாவது ஒரு டேக்கை, மூட மறந்துவிட்டால், "கதவு தெறந்து கீதுண்ணா" என்பார். எந்தக் கதவு என்று சொல்ல மாட்டார். நானே தேட வேண்டும். கோபம் வரும்தான். ஆனால் விரிசல் தேடிப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் புதிய வேலையில்லை. சில வாரங்களில் கதவுகள் தானாகவே கண்ணில் பட ஆரம்பித்தன.

இணையம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் ஸ்டோர் ரூமை வைத்து விளக்கினார். "ஜன்னல்ல போய் சீட்டு குடுக்கறீங்க. ஸ்டோர் ஆளு சாமான எடுத்துக் குடுக்கறான். குடுத்தவொடன உங்கள மறந்துடறான். மறுபடி வேணும்னா மறுபடி சீட்டு. பிரவுசர்தான் நீங்க. சர்வர்தான் ஸ்டோர். அவ்ளோதான், மீதி எல்லாம் அலங்காரம்." பிற்பாடு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

முதலில் போட்ட முகப்புப் பக்கத்தில் தொழிற்சாலை வாசலின் படம் ஒன்று வைத்தோம். அலுவலகத்தில் எந்த மெஷினில் பார்த்தாலும் படம் பளிச்சென்று தெரிந்தது. ஜெனரல் மேனேஜர் தட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து கோயம்புத்தூர் டீலர் போன் செய்து, படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டியும் சிவப்புப் பெருக்கல் குறியும்தான் இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் எழுதியிருந்த முகவரி, அலுவலகத்துக்குள் எல்லா மெஷினும் பகிர்ந்துகொள்ளும் டிரைவைக் காட்டியது. உள்ளே இருப்பவனுக்குப் படம். வெளியே இருப்பவனுக்கு வெறும் பெட்டி.

அன்றிலிருந்து மேடம் ஒரு விதி வைத்தார். எந்தப் பக்கத்தை ஏற்றினாலும் தொழிற்சாலைக்கு வெளியே, நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. "நம்ம மிஷின்ல பாக்கறது, நம்ம முகத்த நாமே பாத்து அழகுன்னு சொல்லிக்கற மாதிரி" என்பார். நான் வந்து பக்கம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், உடனே ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்க பாத்தீங்க?"

நான் பார்க்கும் இடம் பொன்னேரி ஸ்டேஷனுக்கு அருகே ஜக்கரியா பாயின் பிரவுசிங் சென்டர். வீட்டுக்குப் போகும் வழி என்பதால் வசதி. பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். முன்பக்கம் ஜெராக்ஸ், டெலிபோன் பூத். பின்பக்கம் பலகை அடித்துத் தடுத்த நாலைந்து கேபின்கள். கடைசிக் கேபினில்தான் பிரின்டர் இணைத்திருந்தார். நான் எப்போதும் அங்கேதான் உட்காருவேன். அவசரம் என்றால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமே.

எங்கள் ஷேக்கிள் ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். ஒரே உலையில் ஒன்றாக உருக்கிய இரும்பில் செய்ததற்கெல்லாம் ஒரே நம்பர். அந்த ஹீட்டின் சோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பி மாளவில்லை. அதனால் ஒரு ஹீட்டுக்கு ஒரு பக்கம் என்று இணையதளத்தில் போட ஆரம்பித்தோம். அந்தப் பக்கங்களை எழுதியவன் நான்தான். யார் வேண்டுமானாலும் நம்பரைப் பார்த்து, பக்கத்தைத் திறந்து, 'தேர்ச்சி' என்ற வார்த்தையோடு அச்சு எடுத்துக்கொள்ளலாம். எனக்கே இதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இனி அந்தச் சிவப்பு வரி வந்த கதைக்கு வருகிறேன்.

வெளியூர் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு ஷேக்கிள் திரும்பி வந்தது. வளைவில் விரிசல். அதே ஹீட்டில் கையிருப்பை மறுபடி சோதித்தார்கள். பலவற்றில் பச்சைக் கோடு. கடினமாக்கும்போது இரும்பைக் குளிர்விப்பதில் நடந்த கோளாறு என்று பிறகு தெரிந்தது. டீலர்களுக்கெல்லாம் போனும் பேக்ஸும் பறந்தன. ஆனால் டீலரிடம் வாங்கி விற்கும் சின்ன ஹார்டுவேர் கடைகளையும், அங்கே ஒன்றிரண்டு வாங்கிப் போனவர்களையும் யார் தேடிப் பிடிப்பது? அவர்கள் பார்ப்பதற்கு இருந்த ஒரே இடம் எங்கள் பக்கம்தான்.

'இந்த ஹீட் மறு ஆய்வில் உள்ளது' என்று போடச் சொன்னார் ஜெனரல் மேனேஜர். மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"சார், பாரத்த மேல ஏத்தி வச்சிக்கினு கீழ நிக்கறவனுக்கு மறு ஆய்வுன்னா இன்னா புரியும்? தூக்காதேன்னு போடணும் சார்."

அப்படியே போட்டோம். அப்போது தமிழ் எழுத்து பல மெஷின்களில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதனால் 'தேர்ச்சி'யைச் செய்திருந்தது போலவே, 'தூக்காதே' என்ற சொல்லையும் அடியில் 'திருப்பி அனுப்பவும்' என்பதையும் பெரிதாக ஒரு படமாகவே செய்து, பழைய சான்றிதழ் இருந்த அதே பக்கத்தில் ஏற்றினோம். பழையதை அழித்துவிட்டோம். சர்வரில் அந்த ஹீட்டுக்கு 'தேர்ச்சி' என்ற சொல் இனி எங்கும் இல்லை. காலையில் ஷிப்ட் தொடங்கியதுமே ஏற்றிவிட்டோம்; கையிலிருந்த மற்ற வேலைகள் முடிந்ததும், சாயங்காலம்வரை காத்திருக்காமல், மேடம் என்னைப் பொன்னேரிக்கு அனுப்பினார்.

மதியத்துக்கு மேல் பாய் கடையில் போய் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். 'தேர்ச்சி' என்று வந்தது.

தப்பான பக்கத்தை ஏற்றிவிட்டேனோ என்று முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பூத்திலிருந்து மேடத்துக்கு போன் போட்டேன்.

"சர்வர்ல புதுசுதான் கீதுண்ணா. நான் இங்க கண்ணால பாக்கறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மிஷின்ல இதுக்கு முன்னாடி யாராச்சும் இந்தப் பக்கத்தத் தெறந்தாங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம். மொதல்ல சர்டிபிகேட் போட்ட அன்னிக்கு இங்க வந்துதான் பாத்தேன். நீங்க சொன்னீங்களே."

"எஃப்5 அழுத்துங்க, பக்கம் ரிஃப்ரெஷ் ஆகும்" என்றார். அழுத்தினேன். பழைய பக்கம் போய், திரை முழுக்கத் 'தூக்காதே' வந்தது.

நடந்தது இவ்வளவுதான். பரீட்சை ரிசல்ட் வரும் நாட்களில் இணையம் நகரவே நகராது. அதனால் பாய், ஒரு முறை வந்த பக்கத்தை மெஷினே சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே காட்டும்படி எல்லாக் கேபின்களிலும் மாற்றி வைத்திருந்தார். கையில் இருக்கும் பெட்டியிலேயே ஸ்பேனர் இருந்தால் யார் ஸ்டோருக்குப் போவார்கள்? ஸ்டோரில் இருந்த சரக்கை மாற்றிவிட்டோம். பெட்டியில் கிடந்தது பழையது. அந்தப் பழையதைப் பெட்டிக்குள் கொண்டுவந்து போட்டது, வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்ற எங்கள் விதி.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த பாய் அந்த நம்பரை வாய்விட்டுப் படித்தார். முகம் மாறியது.

"இந்த நம்பரா? காலைல பத்து மணிக்கு நம்ம ஹமீது இதத்தான் ப்ரிண்ட் எடுத்துக்கினு போனான்."

ஹமீது அவருடைய மனைவியின் தம்பி. பழவேற்காட்டில் படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். புதிதாக வாங்கிய இரண்டு ஷேக்கிளை மாட்டி ஒரு பைபர் படகைத் தூக்கப் போகிறாராம். படகுக்காரர் சந்தேகப் பேர்வழி. பேப்பர் காட்டினால்தான் படகைத் தொட விடுவேன் என்றாராம். அதற்காக வேலை மெனக்கெட்டு பொன்னேரி வந்து, இதே கேபினில் உட்கார்ந்து, நாங்கள் மாற்றிய பிறகும் மெஷினில் கிடந்த 'தேர்ச்சி' என்ற என் பழைய பக்கத்தை அச்சு எடுத்துப் போயிருக்கிறார். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வந்த மனிதருக்கு நாங்கள் கொடுத்தனுப்பியது அது.

பட்டறை போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. செல்போனோடு சட்டையையே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் வேலை செய்வார் என்றார் பாய். புதுப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். கேபின்களில் இருந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, பாய் பைக்கை எடுத்தார்.

நாங்கள் போனபோது படகு மேலே இருந்தது. குறுக்கு உத்தரத்தில், சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் இரண்டு செயின் பிளாக்குகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; ஒவ்வொன்றிலும் எங்கள் ஷேக்கிள் ஒன்று. அடிப்பாகத்தில் பிசின் பூசிக்கொண்டிருந்தார்கள். படகுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தாங்குக்கட்டைகள் இன்னும் வைக்கவில்லை, ஓரமாகக் கிடந்தன.

"மச்சான், வெளில வா!" என்று கத்தினார் பாய்.

"இன்னா பேஜாரு பண்ற? பிசின் காஞ்சிடும். முடிச்சிட்டு வரேன்."

"அந்த ஷேக்கிள் வெடிப்பு. வெளில வா மொதல்ல."

"பேப்பர் பாத்துட்டுதான் தூக்கினேன். பாஸுன்னு போட்டுக்கீது."

நான் குனிந்து புதுப் பேப்பரை அடியில் நீட்டினேன். அவர் படுத்த வாக்கிலேயே, இடுப்பில் செருகியிருந்த, காலையில் அச்சு எடுத்த பேப்பரையும் எடுத்து இரண்டையும் பார்த்தார். ஒரே கம்பெனி பெயர், ஒரே ஹீட் நம்பர், ஒரே மாதிரி கட்டங்கள். எல்லாம் நான் அடித்தவை.

"ரெண்டும் நீங்க போட்டதுதான? காலைல பாஸு, மத்தியானம் தூக்காதேவா? இதுல எது பழசு, எது புதுசுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எத நம்பறது நானு?"

பக்கத்தில் எங்கும் தேதி போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருட்டறையில் எத்தனையோ விரிசலைக் கண்டுபிடித்தவனுக்கு, இரண்டு தாளில் எது உண்மை என்று அந்த மனிதருக்குக் காட்ட வழி தெரியவில்லை.

பாய் வாதம் செய்யவில்லை. செருப்பைக் கழற்றினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்கு அடியில் தவழ்ந்து போய், ஹமீதின் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"நீ பூசி முடி. நானும் இங்கியே படுத்துக்கினு இருக்கேன். ஊட்டுக்குப் போயி உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றதுன்னு மட்டும் இப்பவே சொல்லிடு."

ஹமீது அவரைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. ஆனால் வெளியே வந்தார். பாயைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்.

டயர்களையும் கட்டைகளையும் அடியில் தள்ளி, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விட்டு, படகை இறக்கினோம். ஒன்றும் அறுந்து விழவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்பதால் ஹமீதுக்கு எங்கள் மேல் கோபம் இன்னும் ஏறியது. பிசின் முழுக்கப் பாழ். படகுக்காரர் வேறு கத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஷேக்கிள்களையும் கழற்றி ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவற்றை இருட்டறைக்குக் கொண்டுபோனேன். எண்ணெயை என் பழைய கூட்டாளி ஊற்றினார். விளக்கை மட்டும் நான் பிடித்தேன். மேடத்தையும் வரச் சொல்லியிருந்தேன். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுவே முதல் தடவை. ஒரு ஷேக்கிளில் சுத்தமாக ஒன்றும் இல்லை. படகின் முன்பக்கம், ஹமீதின் தலைக்கு மேல் இருந்த மற்றதைத் திருப்பியபோது, வளைவின் உட்பக்கத்தில் பச்சைக் கோடு எழுந்தது. அது ஒரு பக்கத்தில் தொடங்கி, இரும்பைச் சுற்றி, பாதியைத் தாண்டிப் போயிருந்தது.

மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிச்சத்துல இது தெரியாதா அண்ணா?" என்றார்.

"தெரியாது மேடம்."

வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம் விதியைத் திருத்தியது. வெளியே போய்ப் பார்க்கும்போது இரண்டு முறை பார்க்க வேண்டும்: எஃப்5 அழுத்தாமல் ஒரு முறை, அழுத்தி ஒரு முறை. இரண்டும் வேறுவேறாக இருந்தால், அந்த மெஷினில் இதற்கு முன் யார் பார்த்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். பக்கத்தைச் சேமித்து வைக்காதே என்று பிரவுசருக்குச் சொல்லும் வரிகளையும் எழுதினோம். எல்லா பிரவுசரும் சொன்ன பேச்சைக் கேட்காது என்பதால், மனிதனுக்குச் சொல்லும் வரி ஒன்றும் வேண்டும் என்றார். ஏற்றிய தேதியும் சிவப்பு வரியும் எல்லாப் பக்கத்துக்கும் வந்தது அப்படித்தான். ஒவ்வொரு பக்கத்திலும் நானே சேர்த்தேன். நகலெடுத்து ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, முதல் முறையாகச் சரி என்றார்.

பாய் தன் மெஷின்களில் அந்த அமைப்பை மாற்றிவிட்டார். ரிசல்ட் நாட்களில் மறுபடியும் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. சில வருடங்களில் மேடம் ஐதராபாத் பக்கம் வேறு வேலைக்குப் போனார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் பதவி உயர்வு.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் விக்னேஷிடம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அது டெலிபோன் லைன்ல நெட் வந்த டயல் அப் காலம் சார். இப்ப அந்தப் பிரச்சினை எல்லாம் கெடையாது. எல்லாம் தானா புதுப்பிச்சுக்கும்" என்றான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகி வருடங்கள் ஆகின்றன. தூக்கிவிடு, வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

தூக்கியாச்சு சார் என்று மறுநாள் போன் செய்தான். அவனை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஹமீதையும் இணைத்தேன். அவர் இப்போதும் பட்டறை நடத்துகிறார். எங்கள் ஷேக்கிள்தான் வாங்குகிறார். ஒவ்வொன்றையும் மாட்டும் முன் போனில் நம்பர் பார்க்காமல் விடமாட்டார். கடைசியாக வாங்கியதன் பக்கத்தைத் திறந்து மேலே என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன்.

"எப்பவும் போலத்தான்பா. செவப்பு வரி கீது. அச்சு எடுக்கும் முன்…"

தான் தூக்கிய வரி ஹமீதின் போனில் இன்னும் நிற்கிறது என்று கேட்டதும் விக்னேஷ் சிரித்துவிட்டான். "திருப்பிப் போட்டுடறேன் சார். போன்ல எப்பிடிப் புதுப்பிக்கறதுன்னும் சேர்த்து எழுதிடறேன்" என்றான். அடுத்த சில நிமிடங்களில் போட்டும்விட்டான்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஹமீதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இன்னாபா, இப்ப நான் பாக்கறது பழசா, புதுசா?" என்றார். அன்று படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்ட அதே கேள்வி. இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிட்டால் புதிதாக வரும், பிறகு தேதியைப் பாருங்கள் என்றேன்.

"இரு, கண்ணாடி எங்கியோ வச்சிட்டேன். தேடி எடுத்துக்கினு வரேன்."

உயிரோடு இருக்கிற மனிதர், மெதுவாகவே தேடட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.